குலசாமிக்கு கான்கிரீட் கோபுரம் எதற்கு?

குலதெய்வ வாட்ஸ்அப் குரூப்களில் இப்போது அடிக்கடி வரும் மெசேஜ் இது: ‘கோயிலை எடுத்துக் கட்டப்போறோம், தலைக்கட்டு வரியை ஜிபே பண்ணுங்க.’ கூடவே ஒரு த்ரீ-டி படம். கலர் கலராகக் கோபுரம், கீழே கிரானைட் தரை. கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பங்காளிகள் ஒரு கும்பிடு எமோஜி போட்டு, பணத்தை அனுப்பிவிட்டு, அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுகிறார்கள்.

எதை இடித்துவிட்டு இது வருகிறது?

திண்டுக்கல் மாவட்டம் தொப்பம்பட்டி, பழநி வட்டாரத்துக் குலசாமி கோயில்களுக்குப் பெரும்பாலும் கட்டடம் என்றே எதுவும் இருந்ததில்லை. கன்னிமாருக்கு மரத்தடியில் ஏழு கல். கருப்பணசாமிக்கு ஒரு மேடை, அதில் நட்ட அரிவாள். கூரை இல்லாததால் ஏழைக் கோயில் என்று நினைக்க வேண்டாம். வெட்டவெளிதான் வேண்டும் என்று சாமியே கேட்டதாகப் பல ஊர்களில் சொல்வார்கள். திருச்சி உறையூர் வெக்காளியம்மன் கோயில் அவ்வளவு பிரபலமான பிறகும், அம்மனுக்கு மேலே இன்றும் வானம்தான்.

மண்குதிரை எடுக்கும் ஊர்களில் வேலை இன்னும் நுணுக்கமானது. முதலில் ஊர் சார்பில் வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். ஒரு கைப்பிடி மண்தான், ஆனால் அதுதான் அட்வான்ஸ், அக்ரிமென்ட் எல்லாம். களிமண்ணில் மணலும் உமியும் கலந்து, உள்ளே கூடாக வனைந்து, காயவைத்து, வைக்கோலும் வறட்டியும் மூடிச் சுடுவார்கள். கூடாக இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும். மழையும் வெயிலும் பட்டு சில வருஷங்களில் குதிரை உடையும். உடைந்தால் மறுபடி பிடிமண், மறுபடி வேளார், மறுபடி ஊர்கூட்டம். சிமென்ட் குதிரைக்கு இதில் எதுவும் தேவையில்லை. ஒருமுறை பணம் கொடுத்தால் போதும். சிக்கலே அங்கேதான்.

‘எல்லாரும் வெளியூர் போயாச்சு, யார் பராமரிக்கிறது?’ என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆளே குடியிருக்காத ஒரு தீவிலும் இதே கேள்வி இருந்தது.

கச்சத்தீவு மொத்தம் 285 ஏக்கர். குடிதண்ணீர் கிடையாது. அங்குள்ள அந்தோணியார் கோயில், ராமநாதபுரம் கடற்கரை மீனவர்கள் எழுப்பிய சின்ன வழிபாட்டிடம். ஊரே இல்லாத அந்தக் கோயிலைக் காப்பாற்றியது வருஷத்துக்கு ஒருமுறை, மாசி வாக்கில், இரண்டு கரைகளிலிருந்தும் படகேறி வரும் கூட்டம். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனபோதும், யாத்திரை போகும் வழக்கத்துக்குத் தனியாக இடம் விட்டுத்தான் எழுதினார்கள்.

2016-ல் இலங்கைக் கடற்படை அங்கே பெரிதாகப் புதுக் கோயில் கட்டியது. வசதி கூடியது உண்மை. ஆனாலும் தமிழக மீனவர்களைக் கலந்து பேசாமல் கட்டுவதை எதிர்த்து, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா பிரதமருக்குக் கடிதம் எழுதினார். காசு மிச்சம்தானே என்று மீனவர்கள் சந்தோஷப்படவில்லை. கட்டுகிற வேலையில் கை வைக்கிறவருக்குத்தான் கோயிலில் பாத்தியதை என்பது அவர்களுக்குத் தெரியும்.

தொப்பம்பட்டிப் பக்கத்துப் பங்காளிகள் விஷயத்தில் தலைகீழ். யாரும் பறிக்கவில்லை, தாங்களே கான்ட்ராக்டருக்கு விட்டுவிடுகிறார்கள்.

கான்கிரீட்டே கூடாது என்பதில்லை. பொங்கல் வைக்க ஷெட், பெண்களுக்குக் கழிப்பறை, போர்வெல் எல்லாம் கட்டாயம் வேண்டும். பல திருப்பணிகளில் கோபுரம் வந்துவிடும், கழிப்பறை மட்டும் ‘அடுத்த வருஷம்’ ஆகிவிடும், அது தனிக் கதை. தவிர, கான்கிரீட்டும் சாகாவரம் பெற்றதல்ல. உள்ளே கம்பி துருப்பிடித்தால் பூச்சு பெயர்ந்து விழும். அப்போது ரிப்பேர் பார்க்க ஊரில் யாருக்கும் கை வராது.

குரூப்பில் அடுத்த எஸ்டிமேட் வரும்போது பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: அதில் கழிப்பறைக்கு எவ்வளவு, வேளாருக்கு எவ்வளவு?