கண்ணாடி முகமும் கடலோர வெயிலும்

நைஜீரியாவின் லாகோஸ் நகரிலும் கானாவின் அக்ராவிலும் இளம்பெண்களிடையே புதியதொரு மோகம் பரவி வருகிறது. கொரியத் தொலைக்காட்சித் தொடர்கள் நுழைந்த இல்லங்களிலே கொரிய முகப்பூச்சுகளும் நுழைந்துவிட்டன. எண்ணெயால் ஒருமுறை, நுரையால் ஒருமுறை முகங்கழுவி, அதன்பின் டோனர், எசென்ஸ், சீரம், கிரீம், சன்ஸ்கிரீன் என்று பத்துப் படிகள் ஏற வேண்டுமாம்! ஏறி முடித்தால் முகம் கண்ணாடிபோல் மின்னுமாம்.

சியோல் நகரில் சனவரி மாதம் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கிவிடும். காற்றிலே ஈரமிராது. அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவதில் பொருளுண்டு. லாகோசிலோ ஆண்டின் பெரும்பகுதி புழுக்கம்! அடுக்கடுக்காய்ப் பூசியவை வியர்வையோடு வழிந்தோட, அடைபட்ட துளைகளிலே பருக்கள் கிளம்புகின்றன. ஆனால், ஆண்டின் இறுதியில் சகாராவிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு ஹார்மட்டான் காற்று வீசத் தொடங்கியதும் உதடு வெடிக்கிறது, தோல் சாம்பல் பூத்துவிடுகிறது. அப்பொழுது ஈரங்காக்கும் பூச்சு தேவைதான். ஆகவே ஒரே முகத்திற்கு இரு பருவம், இரு முறை. சியோலில் எழுதிய பட்டியலுக்கு இது தெரியுமா? வைட்டமின் சி கலந்த சீரமோ வெப்பம் பட்டால் பழுப்பேறிக் கெடும். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊரில் குளிர்சாதனப் பெட்டியை நம்பி அதை வாங்குவது எங்ஙனம்? விலையையும் எண்ணிப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டின் முற்பாதியில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 470 நைரா. 2024-இல் அது 1,500-ஐத் தாண்டியது.

வேடிக்கை ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். கொரியப் பூச்சுகளில் பெயர்பெற்றது நத்தையின் பசை. மேற்கு ஆப்பிரிக்காவிலோ பெருநத்தை விருந்துணவு. படிகாரமும் எலுமிச்சையும் இட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தாய் கழுவிக் கொட்டுகின்ற பசையை, மகள் குப்பியிலே விலைகொடுத்து வாங்குகிறாள்!

வாழைத்தோலையும் கொக்கோக் காயின் தோட்டையும் சுட்ட சாம்பலில் செய்யும் கறுப்புச் சோப்பும், வடகானாப் பெண்கள் கடைந்தெடுக்கும் ஷியா வெண்ணெயும் அம்மண்ணின் செல்வங்கள். அதற்காக, பாட்டி சொன்னதே போதும் என்று நாம் வாதாட வரவில்லை. கறுப்புச் சோப்பு காரம் மிக்கது. எல்லா முகத்திற்கும் ஒத்துவராது. கொரியரின் சன்ஸ்கிரீனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மற்றவை பல கருந்தோலின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்க, இது மெல்லியதாய் மறைந்துவிடுகிறது. கருந்தோலுக்கு வெயில் தீங்கு செய்யாது என்பது தவறான எண்ணம்; பரு ஆறிய வடுக்கள் வெயிலில் இன்னும் கறுக்கும்.

நம் அச்சமெல்லாம் வேறிடத்தில். தோலை வெளுக்கச் செய்யும் பொருள்களை நைஜீரியப் பெண்களில் நூற்றுக்கு 77 பேரும், டோகோ நாட்டில் 59 பேரும் வாடிக்கையாய்ப் பயன்படுத்துவதாக உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் குறித்தது. இவற்றுள் பலவற்றில் பாதரசம் கலந்திருக்கும்; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஹைட்ரோகுவினோனை நெடுநாள் பூசினால் வெளுப்பதற்கு மாறாகத் தோல் கருநீலம் பாரிக்கும். ஐவரி கோஸ்ட் 2015-இல் வெளுப்புக் கிரீம்களைத் தடைசெய்தது. மறுஆண்டு கானா ஹைட்ரோகுவினோன் கலந்தவற்றைத் தடுத்தது. இப்போராட்டத்தின் நடுவேதான் கொரியக் குப்பிகள் வந்திறங்குகின்றன. கொரியாவில் 'வெண்மையாக்குபவை' என்று சட்டமே ஒரு வகையை ஏற்றிருக்கிறது. அவற்றிலுள்ள நியாசினமைடு போன்றவை பாதரசம்போல் கொடியவை அல்ல, உண்மை. எனினும் 'வெண்மை' என்ற அச்சொல், தன் நிறத்தை வெறுக்கக் கற்றுக்கொண்ட பெண்ணின் காதில் எப்படி ஒலிக்கும்? வெளுப்புக் கிரீமை எறிந்துவிட்டு இதமான முகக்கழுவலுக்கும் சன்ஸ்கிரீனுக்கும் ஒருத்தி மாறினால் அது அவளுக்கு ஆதாயம். பழைய ஆசைக்கே புதுக் குப்பி தேடினால் நட்டம்.

கொரிய நிறுவனம் ஒன்றின் முகச்சாயம் முதலில் வெளிர்நிறங்கள் சிலவற்றில் மட்டுமே கிடைத்தது. கறுப்பினப் பெண்ணொருத்தி அதைத் தன் முகத்தில் பூசிப் படம்பிடித்து, நிறம் பொருந்தாமையை உலகறியக் காட்டினாள். 2024-இல் அந்நிறுவனம் நிறங்களை 30 ஆக உயர்த்தியது. அதற்குமுன் அந்தப் பட்டியலில் லாகோஸ் பெண்ணின் முகத்திற்கு இடமே இருக்கவில்லை.