எது நல்ல கைக்கடிகாரம்?

ஆயிரம் ரூபாய் கடிகாரமும், கோடி ரூபாய் கடிகாரமும்

ஒரு கைக்கடிகாரத்தின் விலை 110 கோடி ரூபாய்!

2017-ம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவில் நியூயார்க் நகரில் ஓர் ஏலம் நடந்தது. அதில் ஒரு 'ரோலெக்ஸ்' கடிகாரம் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு விலை போனது. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு 110 கோடி ரூபாய்க்கும் மேல்.

அது தங்கக் கடிகாரம் அல்ல. வைரம் பதித்ததும் அல்ல. வெறும் எஃகு!

பெரம்பூர் கடைத்தெருவுக்குப் போனால், ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கைக்கடிகாரம் வாங்கி விடலாம். பேட்டரியில் ஓடுகிற சாதாரணக் கடிகாரம்.

இந்த இரண்டில், எது சரியாக மணி காட்டும்?

ஆயிரம் ரூபாய்க் கடிகாரம்தான்!

நம்ப முடியவில்லையா? விஷயம் மிகவும் எளிது.

நொடிக்கு 5, நொடிக்கு 32,768

சாவி கொடுக்கும் கடிகாரத்துக்கு உள்ளே ஒரு சுருள்வில் இருக்கிறது. சாவி கொடுத்தால் அது இறுகும். இறுகிய வில் மெல்ல மெல்லப் பிரியும்போது, ஒரு சின்னஞ்சிறு சக்கரம் இப்படியும் அப்படியும் ஆடும். அந்த ஆட்டத்தைக் கணக்கு வைத்துத்தான் முள் நகர்கிறது.

நம் நாட்டில் புகழ் பெற்ற 'எச்.எம்.டி. ஜனதா' கடிகாரம் நொடிக்கு 5 தடவை 'டிக்' என்கிறது. ஒரு நாளைக்கு 4 லட்சத்து 32 ஆயிரம் தடவை! மனிதன் தூங்கினாலும் அது தூங்குவது இல்லை.

ஆனால், வெயில் பட்டால் அதன் கணக்கு மாறும். கையை ஆட்டினால் மாறும். உள்ளே இருக்கும் எண்ணெய் காய்ந்தாலும் மாறும். சுவிட்சர்லாந்து நாட்டில் கடிகாரங்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அந்தப் பரீட்சையில் ஒரு கடிகாரம் சராசரியாக நாளுக்கு 4 வினாடி பிந்தலாம். 6 வினாடி முந்தலாம். அதற்குள் இருந்தால் 'பாஸ்'!

பேட்டரிக் கடிகாரத்தில் சக்கர ஆட்டம் இல்லை. 'குவார்ட்ஸ்' என்ற படிகக் கல் ஒன்று இருக்கிறது. மின்சாரம் பட்டதும் அது நொடிக்கு 32 ஆயிரத்து 768 தடவை அதிர்கிறது. ஒரு மாதம் முழுவதும் ஓடினாலும், 15 வினாடி முதல் 30 வினாடிதான் முன்பின் ஆகும்.

ஜப்பானின் 'சீகோ' கம்பெனி, 1969-ம் ஆண்டு டிசம்பர் 25-ந் தேதி, உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அன்று அதன் விலை, ஒரு சிறிய காரின் விலை! இன்று அதே நுட்பம் நடைபாதைக் கடையிலும் கிடைக்கிறது.

ஆகவே, லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிறவர் நேரத்துக்காகக் கொடுக்கவில்லை. வேறு எதற்காகவோ கொடுக்கிறார். அந்த 'வேறு எதற்காகவோ' என்பதுதான் இப்போது பல குடும்பங்களில் தலைவலி ஆகி இருக்கிறது.

சங்கு ஊதிய ஊர்

பெரம்பூருக்குக் கடிகாரம் அலங்காரப் பொருளாக வந்து சேரவில்லை. வேலையோடு வந்தது.

1856-ம் ஆண்டு, ராயபுரத்தில் இருந்து தென்னிந்தியாவின் முதல் ரெயில் புறப்பட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் ரெயில்வே பணிமனை தோன்றியது. அதன் பிறகு பஞ்சாலை வந்தது. பெரிய பெயர் 'பக்கிங்காம் - கர்நாடிக் மில்'. ஊராருக்கு அது 'பின்னி மில்'.

1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, ரெயில் பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எப்.) பிரதமர் நேரு திறந்து வைத்தார். பெட்டி கட்டும் நுட்பத்தைச் சொல்லிக் கொடுத்தது, ஒரு சுவிட்சர்லாந்து நாட்டுக் கம்பெனி. கடிகாரத்துக்குப் பேர் போன நாட்டில் இருந்து, பெரம்பூருக்கு முதலில் வந்தது ரெயில் பெட்டி!

அந்த நாளில், எல்லோரிடமும் கடிகாரம் கிடையாது. ஆலைச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதினால் உலை வைப்பார்கள். சங்கு ஊதினால் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டுவார்கள். தாமதமாக வாசலுக்குப் போனால் கூலியில் கை வைத்து விடுவார்கள் என்ற பயம், தொழிலாளியின் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

பின்னி மில் 1996-ல் மூடப்பட்டது. அந்தச் சங்கு இனி ஊதாது.

நேரத்துக்கும் சென்னைக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு. ஒரு காலத்தில், இந்தியாவின் ரெயில்கள் 'சென்னை நேரம்' பார்த்து ஓடின! நுங்கம்பாக்கத்தில் இருந்த வான ஆராய்ச்சி நிலையம்தான் அந்த நேரத்தைக் கணித்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1906-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி, நாடு முழுவதுக்கும் ஒரே நேரம் என்ற ஏற்பாடு வந்தது. சென்னை நேரத்தை விட அது சுமார் 9 நிமிடம் அதிகம்.

கையில் ஏறிய 'ஜனதா'

நேரு பெரம்பூருக்கு வந்து போன 6 ஆண்டுகளுக்குப் பின், 1961-ல், பெங்களூரில் எச்.எம்.டி. நிறுவனம் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அது அரசாங்க நிறுவனம். கற்றுக் கொடுத்தது ஜப்பானின் 'சிட்டிசன்' கம்பெனி. முதல் கடிகாரங்களை வெளியிட்டவரும் நேருதான்.

அதுவரை, கைக்கடிகாரம் என்றால் வெளிநாட்டுச் சரக்கு. அதிகாரி கட்டுவார், வக்கீல் கட்டுவார். எச்.எம்.டி. வந்த பிறகு, பணிமனையில் சுத்தியல் பிடித்த கையிலும் கடிகாரம் ஏறியது.

முதல் 'போனஸ்' பணத்தில் வாங்கியவர்கள் உண்டு. சீட்டுப் பணம் எடுத்து வாங்கியவர்கள் உண்டு. வேலையில் இறங்கும்போது கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைப்பார்கள். கடிகாரத்தில் கிரீஸ் படக்கூடாது அல்லவா?

இரவு வானொலியில் செய்தி ஆரம்பிக்கும் முன், 'பீப்... பீப்...' என்று ஒலி வரும். அதைக் கேட்டு மணியைச் சரி செய்து கொள்வார்கள். வீட்டில் அந்த நேரத்தில் யாரும் பேசக்கூடாது!

அந்தஸ்து ஆசை அன்றும் இல்லாமல் போகவில்லை. எச்.எம்.டி.யிலேயே 'காஞ்சன்' என்று ஒரு கடிகாரம் வந்தது. (பெயரைத் தவறாகப் படிக்க வேண்டாம். காஞ்சனம் என்றால் பொன்!) அதற்குச் சாவி கொடுக்க வேண்டாம். கை அசைந்தால் தானே ஓடும். அதற்கு இருந்த கிராக்கி கொஞ்சம் அல்ல. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போட அதைத் தேடி அலைந்த பெண் வீட்டார் பலர்.

1969-ல் கடற்கரை ரெயில் நிலையத்தின் அருகே பர்மா பஜார் தோன்றியது. வெளிநாட்டுக் கடிகாரம் வேண்டியவர்கள் அங்கே ஓடினார்கள்.

1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் 'டிட்கோ'வும் சேர்ந்து 'டைட்டன்' நிறுவனத்தை ஆரம்பித்தன. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. சுற்று வட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பையன்களும் பெண்களும் அங்கே வேலைக்குச் சேர்ந்து, மயிரிழைப் பாகங்களைப் பூட்டக் கற்றுக் கொண்டார்கள். குவார்ட்ஸ் கடிகாரம் நாடெங்கும் பரவியது. சாவி கொடுக்கும் கடிகாரத்தை நம்பி இருந்த எச்.எம்.டி. பின் தங்கியது. 2016-ல் அதன் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவு செய்தது.

மாப்பிள்ளை கை

எச்.எம்.டி. கடிகாரம் வந்த அதே 1961-ல்தான், வரதட்சணைத் தடைச் சட்டமும் அமலுக்கு வந்தது.

கடிகாரம் வளர்ந்தது. சட்டம் தூங்கியது!

பெண் வீட்டார் தாங்களாக மனம் விரும்பிக் கொடுப்பது வேறு. "மாப்பிள்ளை கைக்கு இந்தக் கம்பெனி கடிகாரம்தான் வேண்டும்" என்று கேட்பது வேறு. கேட்பது குற்றம். கார், நகை என்றால் ஊர் பேசும். கடிகாரம் சின்னப் பொருள் என்பதால் யாரும் வாய் திறப்பது இல்லை. மோதிரம், சங்கிலி, கடிகாரம் என்று பட்டியலில் மூன்றாவதாக நுழைந்து விடுகிறது.

அன்று 'காஞ்சன்' கேட்டார்கள். இன்று சுவிஸ் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். ஒரு தகப்பனாரின் பல மாதச் சம்பளம், மாப்பிள்ளையின் மணிக்கட்டில் ஏறிக் கொள்கிறது. அவரோ செல்போனில்தான் மணி பார்க்கிறார்!

கேட்டு வாங்கும் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள ஓர் ஆண் பிள்ளை கூச வேண்டாமா? மண்டபத்தில் கூட்டம் கூடிய பிறகு முகம் சுளிக்கும் மாப்பிள்ளைகளைப் பற்றி எத்தனை கதைகள்! அந்த இடத்தில் பெண்ணின் தகப்பனார் கடன் வாங்கப் போகக் கூடாது. "கேட்டது கிடையாது" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்கிற தகப்பனாருக்குப் பக்கத்தில் நிற்பது உறவினர் கடமை.

வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் வேறு வழியில் மாட்டிக் கொள்கிறார்கள். மாதத் தவணை! 20 ஆயிரம் ரூபாய் சம்பளக்காரர், லட்ச ரூபாய்க் கடிகாரத்தைத் தவணையில் கட்டிக் கொள்கிறார். அலுவலகத்தில் நாலு பேர் பார்க்க வேண்டுமாம். நாலு பேர் ஒரு வாரம் பார்ப்பார்கள். தவணை எத்தனை மாதம் ஓடும் என்பதை அவர்தான் எண்ண வேண்டும்.

அந்த 110 கோடி எதற்கு?

கடிகாரம் சேர்ப்பது தப்பா? தப்பு இல்லை. தபால் தலை சேர்ப்பது போல அதுவும் ஓர் ஆசை. மிஞ்சிய பணத்தில் செய்கிறவரை யாருக்கும் நஷ்டம் இல்லை.

அந்த நியூயார்க் கடிகாரத்துக்கு அவ்வளவு விலை வந்த காரணத்தைக் கேளுங்கள். அது அமெரிக்க நடிகர் பால் நியூமன் கட்டியது. அவருக்கு கார் பந்தயத்தில் மோகம். மனைவி ஜோன் உட்வர்டும் நடிகைதான். கணவர் கார் ஓட்டப் போனால் அவருக்குக் கவலை. அதனால், ஒரு கடிகாரம் வாங்கி, பின்புறத்தில் மூன்றே சொற்களைப் பொறித்துக் கொடுத்தார். 'கவனமாக கார் ஓட்டுங்கள் - நான்' என்பது அதன் பொருள். அந்தக் கடிகாரத்தைப் பிற்பாடு நியூமன், தன் மகளின் நண்பர் ஒருவருக்குச் சும்மா கொடுத்து விட்டார்.

ஏலத்தில் விலை ஏறியது எஃகுக்காக அல்ல. பெரிய நடிகர் கட்டினார் என்பதும், மனைவியின் கவலை அதன் முதுகில் இருந்தது என்பதும்தான்.

'சைரன்' கேட்டு அரக்கப் பரக்க ஓடியவர்களின் பெட்டியிலும் இப்படிப்பட்ட கடிகாரங்கள் கிடக்கின்றன. பெரம்பூரிலும், அயனாவரத்திலும், வியாசர்பாடியிலும் பீரோவைத் திறந்தால் அகப்படும். பழைய மூக்குக் கண்ணாடி, ரேஷன் கார்டு, நடுவே ஒரு நின்று போன 'ஜனதா'.

இப்போது அவற்றுக்கு மவுசு வந்து இருக்கிறது. நாடு முழுவதும் பழைய எச்.எம்.டி. கடிகாரங்களைத் தேடி வாங்குகிறார்கள். அதனால் மோசடியும் புகுந்து விட்டது. முகப்புக்குப் புது வர்ணம் அடித்து, நாலு கடிகாரத்தின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, 'அசல் பழையது' என்று விற்கிறார்கள். ஐம்பது வருடக் கடிகாரம் நேற்று வாங்கியது போல் மின்னினால் சந்தேகப்பட வேண்டும். முகப்பில் எழுத்துகள் கோணலாக இருந்தாலும் வாங்கக் கூடாது.

வீட்டில் இருப்பதை வியாபாரி கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பதும் சரி அல்ல. அவர் கொடுப்பது சில நூறு ரூபாயாக இருக்கும். தாத்தாவின் கையில் இருந்த ஒரே பொருள் அதுவாக இருக்கும்.

அதைப் பழுது பார்க்கலாம். பெரும்பாலும் உள்ளே எண்ணெய் காய்ந்து இருக்கும், அவ்வளவுதான். ஆனால், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரியவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய் விட்டார்கள். பல கடைகளில் இப்போது பேட்டரி மாற்றுவார்கள், பட்டை மாற்றுவார்கள், சாவிக் கடிகாரத்தைத் திறக்க மாட்டார்கள். ஆகையால், கொடுக்க நினைப்பவர்கள் தள்ளிப் போடக் கூடாது.

பழுது பார்த்து வந்த பிறகு, தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். கை தடுக்கிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் வில் அறுந்து போகும். கையில் கட்டியபடி சாவி கொடுக்கக் கூடாது. கழற்றி வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நாளுக்கு அரை நிமிடம் பிந்தினால் பயப்பட வேண்டாம். செல்போனைப் பார்த்துத் திருத்திக் கொள்ளலாம்.