கடைக் கொப்பியும் கடனட்டையும்

நாரந்தனை போன்ற தீவக ஊர்களிலே சிறுகடை நடத்துவோரிடம் தராசைப் போலவே தவறாமல் இருந்து வந்த மற்றொரு பொருள் நீண்ட கொப்பியாகும். சீனி ஒரு கிலோ, பாண் ஓர் இறாத்தல், மண்ணெண்ணெய் ஒரு போத்தல் என்று வீட்டுக்கொரு பக்கமாக அதிலே கணக்கு வளரும். முன்னாளில் தெற்கே கடை வைத்திருந்த தமையனின் காசுக்கட்டளை வந்ததும், பின்னாளில் கடல் கடந்த பிள்ளையின் பணம் வந்ததும் கணக்குத் தீர்க்கப்பட்டு, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கீறப்படும்.

அந்தக் கொப்பிக்கும் ஓர் எல்லை இருந்தது. அஃது எங்கும் எழுதப்படவில்லை. கடைக்காரரின் மனத்திலே இருந்தது. கணக்கு அதனை நெருங்கியதும், "தங்கச்சி, போன மாதத்தைத் தீர்த்துப்போட்டு மிச்சத்தை எடுங்கோவன்" என்று அவர் மெல்லச் சொல்வார். கேட்பவருக்கு முகம் சிவக்கும். ஆனால் வீடு தப்பிவிடும்.

இன்று நம்மவர் பலரின் கைகளுக்கு வந்திருக்கும் கடனட்டையும் அத்தகைய ஒரு கொப்பிதான். ஊதியம் குறைந்தவர்க்கும், புதிதாக உத்தியோகத்திற்கு வந்தவர்க்கும், நிலையான வைப்பினை ஈடாக வைத்துப் பெறுபவர்க்கும் வங்கிகள் பெரும்பாலும் சிறிய எல்லையுடனேயே அட்டை வழங்குகின்றன. எல்லை 50,000 ரூபா என்று கொள்வோம். அதனைப் பெற்றவர்கள் மூன்றாம் மாதமே, "இது என்ன காணும்? கூட்டித் தரும்படி கேட்டால் என்ன?" என்று எண்ணத் தொடங்குகின்றனர். இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது அந்தக் கேள்வியையே.

முதலில் தீவகத்தார்க்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்லிவிட வேண்டும். ஊரிலுள்ள சிறுகடைகளில் அட்டை செல்லுபடியாகும் இடங்கள் குறைவு. ஆகவே அட்டைக்கு வேலை வருவது, பண்ணைப் பாலங் கடந்து யாழ்ப்பாணம் போகும் நாளிலேயே. பேருந்துக்குக் காத்திருந்து, அரைநாளைச் செலவழித்துப் போகிறவர், போன பயணத்தை வீணாக்காமல் ஒரு மாதத்திற்குரிய பலசரக்கையும் மருந்தையும் பிள்ளையின் சப்பாத்தையும் அன்றே வாங்கிவிடுகிறார். மாலையில் வீடு திரும்பும்போது பை நிறைந்திருக்கும், அட்டையும் நிறைந்திருக்கும். கொழும்பிலே வசிப்பவர் முப்பது நாளிற் செய்கின்ற செலவை இவர் ஒரே பகலிற் செய்து முடிக்கிறார். இதில் ஊதாரித்தனம் எதுவுமில்லை. எனினும் மாதத்தின் மிகுதி நாட்களில் அவசரத்துக்கு ஒரு ரூபாவேனும் அந்த அட்டையிலே மிஞ்சியிராது என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. பாதிக்கு மேல் ஏறாமல் அதனை வைத்திருப்பவர்க்கே, இரவில் வைத்தியசாலைக்கு ஓட நேரும்போது அட்டை உதவும்.

அட்டையை நீட்டும்போது கடைக்காரர் நூற்றுக்கு இரண்டோ மூன்றோ மேலதிகமாகக் கேட்பதும் உண்டு. அவர் வங்கியுடன் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அது மாறானது. பற்றுச்சீட்டைப் பெற்று அட்டை வழங்கிய வங்கிக்கு அறிவிக்கலாம். அட்டையினால் காசெடுப்பதையோ அறவே தவிர்த்தல் வேண்டும்; பொருள் வாங்கினால் தவணை நாள்வரை வட்டியில்லை, காசாக எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், அதற்கெனத் தனிக் கட்டணமும் உண்டு.

இனி, மாதந்தோறும் வருகின்ற கணக்குக்கூற்றைப் பார்ப்போம். அதில் இரண்டு தொகைகள் குறிக்கப்பட்டிருக்கும்: ஒன்று முழு நிலுவை, மற்றது ஆகக்குறைந்த கொடுப்பனவு. இரண்டாவது தொகையைக் கண்டதும் நெஞ்சு குளிர்கிறது. 40,000 ரூபா நிலுவைக்கு 2,000 ரூபா கட்டினால் இம்மாதம் எவரும் கேள்வி கேளார். ஆனால் மாணவர்கள் பென்சிலை எடுத்துச் சற்றே கணக்குப் பார்ப்பார்களாக. ஆண்டு வட்டி நூற்றுக்கு 28, ஆகக்குறைந்த கொடுப்பனவு நிலுவையில் நூற்றுக்கு 5 என்க. புதிதாக ஒரு தீப்பெட்டியேனும் வாங்காமல், மாதந்தவறாது ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டி வந்தால், ஓராண்டில் 21,000 ரூபாவுக்கு மேல் கட்டியிருப்போம். அப்பொழுதும் ஏறத்தாழ 28,500 ரூபா நிலுவை நிற்கும். அதே நிலுவைக்கு மாதம் 4,000 ரூபா எனத் திடமாகக் கட்டி வந்தவரின் கடனோ அந்த ஓராண்டுக்குள் முற்றாகத் தீர்ந்துவிடும். அவர் கட்டிய மொத்தம் ஏறக்குறைய 46,000 ரூபாவாகும்.

28 என்ற எண்ணை நாம் கற்பனையாக எடுக்கவில்லை. 2020 ஓகத்து மாதத்தில் இலங்கை மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு நூற்றுக்கு 18 என உச்சவரம்பு விதித்தது. 2022 ஏப்பிரலில், நாடு பொருளாதார நெருக்கடியில் திணறிய வேளை, அவ்வரம்பு நீக்கப்பட்டது. வட்டி விறுவிறென உயர்ந்தது. 2023 ஓகத்தில் 28 என மீண்டும் ஒரு வரம்பு வந்தது. 18 வட்டியென்று நம்பி நிலுவையைச் சுமந்திருந்தவர்கள், தாம் எதுவும் புதிதாக வாங்காமலே கூடிய வட்டி கட்ட நேர்ந்தது. நிலுவையை மாதந்தோறும் முழுமையாகத் தீர்த்து வந்தவர்களை இந்த ஏற்ற இறக்கம் எதுவும் தீண்டவில்லை.

எல்லையைக் கூட்டுவது கொடுப்பவருக்கும் இலாபமான காரியம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 1958 செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரெஸ்னோ நகரில், பாங்க் ஒஃப் அமெரிக்கா என்னும் வங்கி, எவரும் கேளாமலே ஏறத்தாழ 60,000 அட்டைகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. சில நூறு டொலர் எல்லையுடன் அட்டை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது! பலர் வாங்கினர், வங்கி எதிர்பார்த்ததிலும் மிகப் பலர் கட்டத் தவறினர். கேளாதவர்க்கு அட்டை அனுப்புவதை 1970இல் அந்நாட்டுச் சட்டம் தடைசெய்தது. இந்திய றிசேர்வ் வங்கியும் 2022இல் பிறப்பித்த பணிப்புரையில், அட்டையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி எல்லையை உயர்த்தலாகாது என்று கட்டளையிட்டது. ஆதலின் "உங்கள் எல்லையை இரட்டிப்பாக்கித் தருகிறோம்" என்று தொலைபேசியில் இனிய குரல் ஒன்று அழைக்கும்போது, வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்படியாயின் கூட்டிக் கேட்கவே கூடாதா? கேட்கலாம். எப்பொழுது, எதற்காக என்பதிலேதான் எல்லாம் இருக்கிறது. அட்டை நிறைந்துவிட்டது என்பதற்காகக் கேட்பவர்கள் மிகப் பலர். நம் கருத்தில் அதுவே கேட்கக்கூடாத வேளை. நிலுவை நிறைந்து நிற்பவரின் விண்ணப்பத்தை வங்கியும் ஐயத்துடனேயே நோக்கும். ஒருவாறு இணங்கிக் கொடுத்துவிட்டாலோ, நாற்பதாயிரத்தைத் தீர்க்க முடியாதவரின் தலையில் எண்பதாயிரம் ஏறும்.

வங்கி எதைக் கொண்டு தீர்மானிக்கிறது? சம்பளத்தையும் வேறு கடன்களையும் பார்ப்பதோடு, இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகத்திலிருந்து அறிக்கையும் பெறுகிறது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட நிறுவனம் அது. 'கிறிப்' என்று சனங்கள் அதனைச் சொல்லி அஞ்சுவதைக் கேட்டிருக்கிறோம். அங்கே பெயர் விழுந்துவிட்டால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்றும் பேசுகிறார்கள். இது தவறான எண்ணம். கடன் பெற்ற எவருடைய பெயரும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டியவரின் நாணயமும் அங்கேயே பதியும். தம்மைப் பற்றிய அறிக்கையைத் தாமே கேட்டுப் பெறவும், பிழையிருந்தால் திருத்துமாறு கோரவும் எவருக்கும் வழியுண்டு. சிறிய அட்டையொன்றை ஓராண்டு பழுதின்றி நடத்திய பதிவு, நாளை வீட்டுக் கடனுக்கோ தொழிற் கடனுக்கோ போகின்றபோது நமக்காகச் சாட்சி சொல்லும். கடைக்காரரின் மனத்திலிருந்த மதிப்பு இன்று கொழும்பில் ஓர் ஏட்டிற்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்வோம். நாரந்தனையில் ஒரு குடும்பம். தாய் ஆசிரியை, அவரிடம் 50,000 ரூபா எல்லையுள்ள அட்டை இருக்கிறது. மூத்த மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது; மடிக்கணினி வேண்டும்; விலை 150,000 ரூபா. கடையிலே வட்டியில்லாத் தவணை முறை உண்டென விளம்பரம் சொல்கிறது. ஆனால் தவணை மாதம் 12,500 ரூபாவே ஆயினும், முழு விலைக்கும் போதிய எல்லை அட்டையில் இருந்தாக வேண்டும் என்பதைக் கடைக்குப் போன பின்னரே அறிகின்றனர். மகளின் முகம் வாடுகிறது. "அம்மா, எல்லையைக் கூட்டிக் கேளுங்கோவன்" என்கிறாள்.

இங்கே கேட்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது: பொருள் இன்னது, விலை இன்னது, தீரும் காலம் இன்னது என்று சொல்ல முடிகிறது. தாய் இதுவரை நிலுவையை முழுமையாகத் தீர்த்து வந்தவராயின் தயங்காமல் கேட்கலாம். நிரந்தரமாகக் கூட்டாமல், குறித்த காலத்திற்கு மட்டும் எல்லையை உயர்த்தித் தரும் வழக்கமும் வங்கிகளில் உண்டு. அதனையே முதலில் விசாரித்தல் நன்று. ஆனால் வங்கிக்குப் போகுமுன், வீட்டு மேசையிலே வேறொரு கணக்கு முடிய வேண்டும். மாதம் 12,500 ரூபா பன்னிரண்டு மாதமும் எங்கிருந்து வரும்? சம்பளத்திலே ஏற்கெனவே பிடிக்கப்படும் கடன்கள் போக மிஞ்சுவது 9,000 ரூபாதான் என்றால், எல்லை கூடினாலும் குடும்பம் கூடாது. ஒரு தவணை தவறினால் வட்டியில்லாச் சலுகை நீங்கி, வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறலாம். உடன்பாட்டிலே அந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டறிதல் வேண்டும்.

அப்படிப்பட்ட வேளையில் வேறு வழிகளையும் நாடலாம். ஆறு மாதம் பொறுத்து, பாதித் தொகையைச் சேமித்துக்கொண்டு மிகுதிக்கு மட்டும் எல்லையைக் கேட்கலாம். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பின் அங்கே விண்ணப்பிக்கலாம். 1911ஆம் ஆண்டிலேயே கடனுதவுச் சங்கங்களுக்குச் சட்டம் கண்ட நாடு இது. யாழ்ப்பாணத்துக் கூட்டுறவாளர் அத்துறையிலே பெற்ற புகழும் சிறிதன்று. பயன்படுத்திய நல்ல கணினியொன்றைத் தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வாங்குவதும் இழிவாகாது. முதலாண்டு மாணவிக்கு அது தாராளமாகப் போதும். (கணினியின் நிறம்பற்றி மகளுக்கு வேறு கருத்து இருக்கலாம்!)

கேட்பதென்று முடிவு செய்துவிட்டால், அண்மைய சம்பளத் துண்டுகளையும் அடையாள அட்டையையும் கடையிலிருந்து பெற்ற விலைக்குறிப்பையும் எடுத்துச் செல்க. எவ்வளவு வேண்டும் என்று தொகையைத் திட்டமாகச் சொல்லுக. "தரக்கூடியதைத் தாருங்கள்" என்பாருக்கு வேண்டியதிலும் அதிகமாகக் கிடைத்துவிடக்கூடும். தவணை நாளைச் சம்பள நாளுக்குப் பின்னதாக மாற்றித் தர இயலுமா என்பதையும் அப்பொழுதே விசாரித்துக் கொள்க. வங்கி மறுத்துவிட்டாலோ, காரணத்தைக் கேட்டறிந்து, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு மறுபடியும் போகலாம். மறுத்த கையோடு அடுத்த தெருவிலுள்ள வங்கியில் இரண்டாவது அட்டைக்கு விண்ணப்பிக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒரு கொப்பி நிறைந்ததும் அடுத்த கடையில் வேறு கொப்பி தொடங்கியவர்களை நம் ஊர்களும் கண்டதுண்டு. இரண்டு கடைக்காரரும் ஒரே கோயில் திருவிழாவிலே சந்தித்துக்கொள்வார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை.