சஹ்யாத்ரி எதனோடும் மோதவில்லை

புனேயிலிருந்து மும்பைக்கு ரயிலில் செல்வோர் லோனாவளாவைத் தாண்டியதும் ஒரு விந்தையைக் காண்கின்றனர்: மலை ஏறாமலேயே மலையிலிருந்து இறங்க நேர்கிறது. ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்திலுள்ள பீடபூமி போர்காட் கணவாயில் திடீரென அறுந்து கொங்கணத்துள் விழுகிறது. கிழக்கிலிருந்து பார்ப்பவருக்குச் சில குன்றுகள். மேற்கிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மதில். "மலைத்தொடர்கள் புவித்தட்டுகள் மோதுவதால் உருவாகின்றன" என்று போட்டித் தேர்வுக் கையேடுகள் மனப்பாடம் செய்விக்கும் வரியை ஐயுற இந்த ஒரு காட்சியே போதும். ஆயினும் அவ்வரி முதுகலை வகுப்பு வரை கேள்வியின்றி ஏறிவந்துவிடுகிறது.

அவ்வரி அது பொருந்துவதாகக் கருதப்படும் இடங்களுக்கே முழுமையாகப் பொருந்துவதில்லை. ஆண்டிஸ் மலைகள் இரு கண்டங்கள் முட்டிக்கொண்டதால் எழுந்தவை அல்ல. நாஸ்கா தட்டு என்னும் கடற்தரை தென்னமெரிக்காவின் அடியில் அமிழ்கிறது. அமிழும் தரை குளிர்ந்தது, அடர்ந்தது. பெரும்பாலும் தன் எடையாலேயே கீழே இழுபடுகிறது. ஆழத்தில் அது வெளியிடும் நீர் மேலுள்ள மூடகப் பாறையின் உருகுநிலையைக் குறைப்பதால் பாறைக்குழம்பு பிறக்கிறது. உராய்வு வெப்பத்தில் தட்டு உருகி எரிமலையாகிறது என்ற விளக்கம் பழகிப்போன பிழை. இமயத்திலும் மோதலுக்கு முன்னர் நெடுங்காலம் நிகழ்ந்தது அமிழ்வே. டெத்திஸ் கடலின் தரை ஆசியாவின் அடியில் மறைந்துகொண்டிருந்த காலத்தின் எச்சமே லடாக்கின் கிரானைட் பாறைகள். கண்டம் கண்டத்தைத் தொட்டது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான்.

இங்கே தமிழ்க் கலைச்சொல்லும் குற்றவாளியே. தட்டுகளைக் 'கண்டத்தட்டு' என்று எழுதுவோர் உளர். தட்டு என்பது கண்டமன்று. கடற்தரையும் அதில் அடக்கம், அமிழ்வதும் பெரும்பாலும் அப்பகுதியே. கண்டத்தட்டு என்று கற்ற மாணவர் அமிழ்தலைக் கற்பனை செய்ய முடியாமல் எல்லாவற்றையும் 'மோதல்' ஆக்கிக்கொள்கிறார். 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தை அழித்த பேரலை, இந்தியத் தட்டு சுமத்ரா–அந்தமான் வளைவின் அடியில் அமிழும் இடத்தில் பிறந்தது. தமிழ்நாட்டு மாணவருக்கு இதனினும் நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆனால் வகுப்பறை ஆண்டிஸுக்கும் ஜப்பானுக்கும் ஓடுகிறது.

இனி சஹ்யாத்ரி. மடிப்பு மலையில் பாறையடுக்குகள் மடிந்திருக்க வேண்டும். சிங்ககட் கோட்டைக்கு ஏறும் எவரும் பசால்ட் அடுக்குகள் ஏறக்குறையக் கிடைமட்டமாகக் கிடப்பதைக் காணலாம். அவை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. அதையொட்டிய காலத்தில் செஷல்ஸ் நிலத்துண்டு இந்தியாவின் மேற்கு விளிம்பிலிருந்து கிழிந்து விலகியது. அதற்கும் முன்னரே மடகாஸ்கர் பிரிந்திருந்தது. கிழிந்த விளிம்பு உயர்ந்தது, ஆறுகள் அதை அரித்தன. பீமாசங்கரில், அரபிக் கடலுக்கு அவ்வளவு அருகில் பிறக்கும் பீமா ஆறு, கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே வங்கக் கடல் நோக்கி ஓடுவது அந்த உயர்ந்த விளிம்பின் சாட்சியம். தெற்கே பசால்ட் முடிந்து மிகப் பழைய நைஸும் சார்னோகைட்டும் தொடங்குகின்றன; பாறை மாறுகிறது, மதில் மாறவில்லை. பாறைகள் உருவான கதை வேறு, மதில் உருவான கதை வேறு என்பதற்கு இதைவிட வலிய சான்று தேட வேண்டியதில்லை.

மராத்தி இதைத் தன் சொற்களிலேயே வைத்திருக்கிறது. மேலே 'தேஷ்', விளிம்பில் 'காட்மாதா', கீழே 'கொங்கண்'. 'காட்' என்பது மலையன்று, கணவாய், படித்துறை. ஆங்கிலேயர் அப்பெயரை மலை முழுவதற்கும் ஏற்றினர். டெக்கான் 'ட்ராப்' என்னும் புவியியல் சொல்லோ படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் இதே நிலத்தில் படியைத்தான் கண்டன. தமிழ் வழங்கும் 'தொடர்ச்சி மலை' என்ற பெயரில் அந்தப் படி இல்லை. நீளம் மட்டுமே இருக்கிறது.

வடக்கிலுள்ள மோதலின் அழுத்தம் தீபகற்பத்திலும் உணரப்படுகிறதே என்பர். உண்மை. ஆனால் அழுத்தம் இருப்பதும் அது மலையை எழுப்பியது என்பதும் ஒன்றல்ல. 1967 டிசம்பர் 11 அன்று கோய்னாவை உலுக்கிய நிலநடுக்கத்தைத் தூண்டியதாகப் பெரும்பாலான ஆய்வாளர் கருதுவது தட்டு விளிம்பையன்று, அணையில் தேங்கிய நீரை.

இது சொற்பூசல் என்று ஒதுக்குவோர் மாலினை நினைக்கட்டும். 2014 ஜூலை 30 அன்று புனே மாவட்டத்து அம்பேகாவ் வட்டத்தில் அந்தச் சிற்றூர் மண்ணுள் புதைந்தது. 150 பேருக்கு மேல் மாண்டனர். சரியாகப் பத்தாண்டு கழித்து அதே நாளில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. ஒன்று பசால்ட் நிலம், மற்றது பழம்பாறை நிலம். இரண்டும் அரிபடும் ஒரே விளிம்பின் சரிவுகள், இரண்டிலும் பெருமழை. இத்தகைய சரிவில் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்பதே முதற்கேள்வி. மாதவ் காட்கில் குழு 2011-இல் மலை முழுவதையும் சூழல் நுண்ணுணர்வுப் பகுதியாகக் கருதப் பரிந்துரைத்தது. 2013-இல் கஸ்தூரிரங்கன் குழு அதனைச் சுமார் 37 விழுக்காடாகச் சுருக்கியது. அந்தச் சுருக்கத்தை வினவவேண்டிய புவியியல் மாணவர், தேர்வுத்தாளில் சஹ்யாத்ரியை இமயத்தின் வரிசையில் எழுதிவிட்டு மதிப்பெண்ணும் பெற்றுக்கொண்டிருக்கிறார்.