கோட்டை போனது, வேட்டை நாய் மிஞ்சியது

1342-ம் ஆண்டு டிசம்பர் மாதம். தென்மேற்கு ஜெர்மனியில் நெக்கர் நதிக்கரையில் இருக்கும் ட்யூபிங்கன் நகரத்தையும் அதன் கோட்டையையும் கோட்ஸ், வில்ஹெல்ம் என்ற இரண்டு சகோதரர்கள் விற்றார்கள். வாங்கியவர் பக்கத்துப் பிரதேசத்தின் பிரபு, வூர்ட்டெம்பெர்க் குடும்பத்து மூன்றாம் உல்ரிஷ். விலை 20,000 பவுண்டு ஹெல்லர். ஹெல்லர் என்பது அந்த வட்டாரத்தில் புழங்கிய சில்லறைக் காசு. 240 காசு சேர்ந்தால் கணக்கில் ஒரு பவுண்டு.

விற்றவர்கள் தங்களுக்கென்று நிறுத்திக்கொண்டவை இரண்டே உரிமைகள். ஒன்று, ஷோன்புக் காட்டில் வேட்டையாடலாம். இன்னொன்று, தங்கள் வேட்டை நாய்களைப் பெபன்ஹவுசென் மடத்தில் விட்டு வைக்கலாம். தீனி மடத்தின் செலவு. அந்த மடத்தைக் கட்டியதே அவர்களுடைய முன்னோர்தான்.

இப்படி ஒரு பத்திரத்தில் கையெழுத்திட வேண்டிய நிலைக்கு ட்யூபிங்கன் குடும்பம் ஒரே நாளில் வரவில்லை. 1078-ல் நான்காம் ஹென்றி மன்னரின் படை முற்றுகையிட்டபோதே வரலாற்றில் பெயர் பதித்துவிட்ட கோட்டை அது. 1146-ல் குடும்பத் தலைவர் ஹ்யூகோ, ஸ்வேபியா பிரதேசத்தின் 'அரண்மனைப் பிரபு' ஆனார். அரசரின் சார்பில் நீதி வழங்கும் பதவி. சாதாரணப் பிரபுக்களுக்கு ஒரு படி மேலே.

நீதி வழங்கும் அதிகாரமே குடும்பத்தை முதல் பெரிய வம்பில் இழுத்துவிட்டது. ஒரு வழக்கில் தன் ஆளை விட்டுவிட்டு, வெல்ஃப் குடும்பத்தின் ஆளை மட்டும் தூக்கிலிட்டார் என்று அவர்மீது புகார். வெல்ஃப்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. 1164-ல் ஏழாம் வெல்ஃப் பெரும் படையுடன் ட்யூபிங்கன்மீது பாய்ந்தார்; தோற்று ஓடினார். ஆனால் ஜெயித்தவருக்கும் நிம்மதி இல்லை. 1166-ல் உல்ம் நகரில் பேரரசர் பார்பரோசா, ஹ்யூகோவைப் பணியவைத்துச் சிறைக்கு அனுப்பினார். அடுத்த ஆண்டு இத்தாலியில் ஏழாம் வெல்ஃப் இறந்த பிறகுதான் அவருக்கு விடுதலை.

இத்தனைக்குப் பிறகும் குடும்பம் தழைத்தது. ஹ்யூகோவின் மகன் ருடால்ஃப், 1183 வாக்கில் பெபன்ஹவுசென் மடத்தை நிறுவினார். இளைய மகனுக்குத் தாய்வழியில் பிரெகென்ஸ் சொத்து கிடைத்தது. அவர் மான்ட்ஃபோர்ட் என்ற புதிய பெயருடன் தனிக் குடும்பமே தொடங்கினார். 1231-ல் ட்யூபிங்கன் நகர அந்தஸ்துடன் இருந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பொற்காலம்.

உள்ளே அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். ஒவ்வொரு தலைமுறையிலும் மகன்கள் சொத்தைப் பங்கு போட்டார்கள். ஹார்ப், ஹெரன்பெர்க், பெப்லிங்கன், ஆஸ்பெர்க் என்று ஆளுக்கொரு கிளை, கிளைக்கொரு கோட்டை. நிலம் துண்டாகிக்கொண்டே போனது. பிரபுவுக்குரிய ஆடம்பரம் மட்டும் துண்டாகவில்லை. குதிரை, காவல் படை, விருந்து, வேட்டை என்று ஒரு குடும்பத்தின் செலவை நான்கு குடும்பங்கள் தனித்தனியாகச் செய்தன. புண்ணியக் கணக்கில் மடங்களுக்கு எழுதிக்கொடுத்த கிராமங்கள் தனி.

கடன் ஏறியது. விற்பதற்கு நிலம் இருந்தது. வாங்குவதற்குப் பெபன்ஹவுசென் மடத்திடமே பணம் இருந்தது. துறவிகளுக்கு வாரிசு இல்லை. எனவே பாகப்பிரிவினையும் இல்லை. தாத்தா தானமாகக் கொடுத்ததுபோக மிச்சத்தைப் பேரன்கள் விலைக்குக் கொடுத்தார்கள்.

அரசியல் காற்றும் எதிராக வீசியது. ஸ்வேபியாவை ஆண்ட ஹோஹென்ஸ்டாஃபன் வம்சத்தின் கடைசி வாரிசான 16 வயது கொன்ராடினின் தலை 1268-ல் நேப்பிள்ஸில் வெட்டப்பட்டது. ஸ்வேபியாவுக்கு வலுவான டியூக் இல்லாமல் போனதும், அவர் நிழலில் கிடைத்த பட்டம் வெறும் பட்டமாயிற்று. பலமுள்ளவர் வளைத்துக்கொள்ளலாம் என்ற நிலையில், அதிகம் வளைத்தவர்கள் வூர்ட்டெம்பெர்க் பிரபுக்கள். அதிலும் அவர்கள் எல்லா இடத்திலும் வாளை உருவவில்லை. பல இடங்களில் பணப்பையை அவிழ்த்தார்கள். ஆஸ்பெர்க் 1308-ல் போனது. ட்யூபிங்கன் 1342-ல். ஹெரன்பெர்க் 1382-ல், 40,000 பவுண்டுக்கு. ப்ரைஸ்காவ் பகுதியில் பிழைத்துக்கிடந்த லிக்டெனெக் கிளையும் 17-ம் நூற்றாண்டில் அணைந்தது.

பங்கு பிரித்தால் என்ன ஆகும் என்பதை வாங்கியவர்கள் கண்ணெதிரே பார்த்தவர்கள். ஆனாலும் அவர்களும் 1442-ல் நாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் புத்தி வந்தது. 1482-ல் மியூன்சிங்கன் ஒப்பந்தத்தின் மூலம் நாட்டை ஒன்றாக்கி, இனிப் பிரிக்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அதை முன்நின்று செய்த எபர்ஹார்ட்தான் 1477-ல் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தை நிறுவியவர். மலையாள அகராதி தந்த ஹெர்மன் குண்டர்ட் 1835-ல் டாக்டர் பட்டம் பெற்றது அங்கேதான். விலைபோன கோட்டை பின்னாளில் அந்தப் பல்கலைக்கழகத்திடம் வந்தது. மரபணுவின் வேதிப்பொருளை ஃப்ரீட்ரிஷ் மீஷர் 1869-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது, அந்தக் கோட்டையின் பழைய சமையலறையில்.

வூர்ட்டெம்பெர்க் பிரபுக்கள் 1495-ல் டியூக் ஆனார்கள். 1806-ல் மன்னர்களே ஆனார்கள். ட்யூபிங்கன் குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரு கொடி. மூன்று வால் தொங்கும் அந்தச் சிவப்புக் கொடி இன்றும் ட்யூபிங்கன் நகரச் சின்னத்தில் இருக்கிறது. மான்ட்ஃபோர்ட் கிளை வழியாக ஆஸ்திரியாவின் ஃபோரார்ல்பெர்க் மாநிலச் சின்னத்திலும் அதே வடிவம்.

வாங்கியவர்களின் கதை முடிந்த இடமும் கவனிக்கத்தக்கது. 1918 நவம்பரில் முடி துறந்த கடைசி மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம், அரண்மனையாக மாற்றப்பட்டிருந்த பெபன்ஹவுசென் மடத்தில் ஒதுங்கினார். 1921-ல் அங்கேயே இறந்தார். பாதுகாவலர் இல்லாமல் வீதியில் நடந்துபோவது அவர் வழக்கம். ஸ்டுட்கார்ட்டில் அவருக்கு வைத்திருக்கும் சிலையிலும் படை இல்லை, பரிவாரம் இல்லை. கூட நிற்பவை இரண்டு நாய்கள்.