பாடசாலைப் பிள்ளைகளும் ஊர் ஏரியும்

நிலமும் நீரும் மரமும் கெடாமற் காக்கப்பட வேண்டும் என்னும் பாடம் இக்காலத்தில் பாடசாலைகளிலெல்லாம் போதிக்கப்பட்டு வருகின்றது. காடு, ஏரி, ஆறு, வனஜீவன்கள் ஆகியவற்றைப் பாதுகாப்பது பிரஜைகள் ஒவ்வொருவருடைய கடமை என்று 1976இல் அரசியல் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டது. சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வி கட்டாயமாக அளிக்கப்பட வேண்டுமென்று 1991இல் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. ஆகவே சட்டத்திற்கும் பாடபுத்தகத்திற்கும் குறைவில்லை. பாடசாலையிற் கேட்டதைக் குழந்தை தன் வீட்டிலும் வயலிலும் காண்கின்றதா என்பதே கேள்வி. அதற்கு விடையளிக்க வேண்டியவர் உபாத்தியாயர் மாத்திரம் அல்லர். நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் ஆவர்.

நீரை அசுத்தப்படுத்தலாகாது என்று காலையில் வாசித்த சிறுவன், மாலையில் வயலுக்குச் செல்கின்றான். அங்கே பூச்சிமருந்துத் தெளிப்பான் வாய்க்கால் நீரிலேயே கழுவப்படுகின்றது. காலியான டப்பா வரப்பின்மேல் எறியப்படுகின்றது. காலி டப்பாக்களையும் கழுவிய நீரையும் நீர்நிலைகள் கெடாதவாறு அப்புறப்படுத்த வேண்டுமென்று 1971ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன என்பதை அவன் அறியான். தகப்பனார் செய்வதே அவனுக்கு விதி. மண்ணுக்கு உரமாக வேண்டிய தழையை வீணாக்கலாகாது என்று படித்த சிறுமி, கரும்பு வெட்டிய கொல்லையில் தோகை முழுவதும் தீக்கிரையாவதைப் பார்க்கின்றாள். இவ்விரண்டு பாடங்களுள் எது மனத்தில் தங்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

பெரியோரின் நடத்தையே பாடமாக அமைந்ததற்குச் செங்கல்பட்டு ஜில்லாவிலுள்ள வேடந்தாங்கல் தக்க உதாரணம். ஏரியினுள் நிற்கும் மரங்களில் வந்து கூடு கட்டும் பறவைகளை அவ்வூர்க் குடியானவர்கள் பல தலைமுறைகளாகக் காத்து வந்திருக்கின்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் தங்கள் நெல்வயல்களுக்கு உரமாகும் என்பதை அவர்கள் கண்டறிந்ததே இதற்குக் காரணம். பறவைகள் கலையுமென்று தீபாவளியன்றும் வெடி வெடிக்காத வழக்கம் அவ்வூரில் உண்டு. அங்கே பிறந்த குழந்தைக்கு இது புத்தகத்தினால் வந்த அறிவன்று, ஊர் வழக்கம். 2022இல் அவ்வேரி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எல்லா ஊர்களுக்கும் பறவைகள் வருவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 39,000க்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. ஊர் ஏரியைவிடச் சிறந்த பாடபுத்தகம் கிராமப் பாடசாலைக்கு வேறில்லை. ஓர் ஏக்கரின்மேல் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஏரியின் உட்பரப்பில் ஓர் ஏக்கருக்கு ஓர் அடி கனம் வண்டல் படிந்தால், 12 லட்சம் லிட்டர் நீருக்கு மேல் தங்க இடமில்லாமற் போகும். இக்கணக்கைக் கரும்பலகையிற் போடுவதோடு நில்லாமல், சித்திரையில் ஏரி வறண்டிருக்கும்போது அங்கேயே மாணாக்கருக்குக் காட்டலாம். வரத்துக்கால் எங்கே தொடங்குகின்றது, எங்கே தூர்ந்திருக்கின்றது என்பதை ஆடி மாதத்திலும், கலங்கல் எதற்காக அமைந்தது என்பதை ஐப்பசி மழைக்குப் பின்னும், மதகு திறந்து தலைமடை முதல் கடைமடை வரையில் நீர் பங்கிடும் முறையை மார்கழியிலும் காட்டலாம். ஏரி வேலையைக் குடிகளே கூடிச் செய்யும் குடிமராமத்து வழக்கத்தின் பொருட்டுச் சென்னை மாகாணத்தில் 1858இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அவ்வழக்கம் தளர்ந்து, ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிய பின், ஏரியைப் பற்றிய அறிவும் இளைஞரிடையே குறைந்துவிட்டது.

இங்கே ஒரு சங்கடம் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. ஏரியைச் சுற்றிப் பார்க்கும் குழந்தைகள் எல்லைக் கல்லையும் பார்ப்பார்கள். கல்லுக்கு உட்புறம் பயிர் நின்றால், அது யாருடைய பயிர் என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டிய கிராம அதிகாரி தயங்கக்கூடும். பயிரின் சொந்தக்காரர் அக்கூட்டத்திலேயே ஒரு குழந்தையின் தகப்பனாராக இருக்கவும் கூடும். இதற்கஞ்சியே, பாடம் மரம் நடும் விழாவோடும் ஊர்வலத்தோடும் முடிந்துவிடுகின்றது. ஜூன் 5ஆம் தேதி நட்ட கன்று அடுத்த சித்திரையில் இருக்கின்றதா என்று பார்ப்பாரும் அரியர். குழந்தை கேட்கும் அக்கேள்விக்கு இடங்கொடாத போதனை போதனையாகாது.

பரீட்சைக்குரிய காலம் வீணாகும் என்று சிலர் ஆட்சேபிக்கலாம். வருஷத்தில் நான்கு அரை நாட்கள் போதும். கணக்கும் பூகோளமும் விஞ்ஞானமும் அங்கேயே படிக்கப்படுகின்றன. பிள்ளைகளை மண் வெட்டவும் முள் வெட்டவும் ஏவலாமோ என்பது நியாயமான ஆட்சேபம். ஏவவே கூடாது. அவர்கள் கற்க வருபவர்கள், கூலியாட்கள் அல்லர். பூச்சிமருந்து டப்பாக்களை அவர்கள் தொடலாகாது. மண் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கியிருக்குமாதலால், நீருள்ள காலத்தில் ஊர்ப் பெரியவர் துணையின்றி ஏரிக்கு அழைத்துச் செல்லலும் ஆகாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. கிராம நிர்வாக அலுவலர் புலப்படத்தைக் கொணர்ந்து ஏரியின் எல்லைகளை மாணாக்கருக்குக் காட்டுவாராக. ஊராட்சித் தலைவர் ஒரு மழைமானியைப் பாடசாலைக்கு வாங்கிக் கொடுத்து, அன்றன்று பெய்த மழையைப் பிள்ளைகள் பதியச் செய்வாராக. தோகையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே பரப்பும் விவசாயி, பக்கத்து நிலத்து மண்ணோடு தம் நிலத்து மண்ணையும் தோண்டிக் காட்டுவாராக. எதில் ஈரம் தங்கியிருக்கின்றதென்று பிள்ளைகளே தொட்டறிவார்கள். எல்லைக் கல்லுக்கு உட்புறம் உழுதவர், பிள்ளைகள் வருவதற்கு முன்பே தம் கலப்பையை வெளியே எடுத்துக்கொள்வது நலம்.

இன்று ஏரிக்கரையில் நிற்கும் குழந்தைகளே இன்னும் இருபது வருஷங்களில் அந்த ஆயக்கட்டின் பட்டாதாரர்கள். அவர்களிடம் ஒப்படைக்கப்படும் ஏரி எவ்வளவு நீர் கொள்ளும் என்பதை அவர்களுடைய பாடபுத்தகம் தீர்மானிக்கப் போவதில்லை. இன்றைய பட்டாதாரர்களே தீர்மானிக்கின்றனர்.