வானம் யாருக்குச் சொந்தம்?

1995 டிசம்பர் 18 முதல் 28 வரை, பத்து நாட்கள், ஹப்பிள் டெலஸ்கோப் வானத்தில் ஒரே இடத்தை உற்றுப் பார்த்தது. சப்தரிஷி மண்டலப் பக்கம், நூறு மீட்டர் தூரத்தில் வைத்த ஒரு டென்னிஸ் பந்து மறைக்கும் அளவேயான சிறு இடம் அது. நேரம் வீணாகும் என்று எச்சரித்த பெரிய விஞ்ஞானிகளும் உண்டு. ஆனால் எடுத்த 342 படங்களை ஒன்றாக்கிப் பார்த்தபோது, நமது பால்வீதியைப் போன்ற நட்சத்திரத் திரள்கள் சுமார் 3,000 தென்பட்டன!

தொலைவில் உள்ளவற்றின் ஒளி நம்மை வந்தடையக் கோடானுகோடி ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே, தொலைவைப் பார்ப்பது பழமையைப் பார்ப்பதாகும். அன்றைய திரள்கள் சிறியவை, உருவம் கோணியவை. நட்சத்திரங்கள் பிறக்கும் வேகம் சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்து, இன்று பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மாறாதது என்று எண்ணிய வானத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

இந்த அறிவு வளர்ந்தது எப்படி? கண்டவர்கள் ஓராண்டு வரை தகவல்களைத் தம் வசமே வைத்துக் கொள்வதுதான் அன்றைய வழக்கம். டெலஸ்கோப் நிலையத்தின் டைரக்டர் ராபர்ட் வில்லியம்ஸ் தமது பொறுப்பில் உள்ள நேரத்தை இதற்கு ஒதுக்கினார். 1996 ஜனவரியிலேயே எல்லாவற்றையும் உலகுக்குத் திறந்துவிட்டார். பல நாட்டினரும் அதில் உழைத்தனர். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட வெப் டெலஸ்கோப், பிரபஞ்சம் தோன்றி சுமார் 29 கோடி ஆண்டுகளே ஆன காலத்துத் திரளையும் கண்டுவிட்டது.

மக்கள் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் முடிவுகளைத் தாமதமின்றி வெளியிட வேண்டும் என்று 2022ல் அமெரிக்க சர்க்கார் கூறியபோது, வெப் தகவல்களைப் பற்றியும் சர்ச்சை எழுந்தது. உடனே திறந்துவிட்டால், ஆள்பலமும் கம்ப்யூட்டர் பலமும் உள்ள பெரிய ஸ்தாபனங்கள் முந்திக் கொள்ளும். பாடமும் நடத்தி ஆராய்ச்சியும் செய்யும் சிறு கல்லூரி ஆசிரியரின் உழைப்பு பறிபோகும் என்றனர் சிலர்.

இந்த வாதத்தை அலட்சியம் செய்ய முடியாது. ஏட்டில் சமத்துவம் எழுதிவிட்டால் நடப்பில் சமத்துவம் வந்துவிடாது. ஆனால் அதற்குப் பரிகாரம் கதவைப் பூட்டுவதா? இல்லை. சிறியவர்களுக்குப் பணமும் கருவியும் ஓய்வு நேரமும் கொடுப்பதே பரிகாரம். பூட்டு, வெளியே நிற்கும் எளியவனையும் சேர்த்தே தடுக்கிறது.

டெலஸ்கோப்பைக் கட்டியது ஆயிரமாயிரம் பேரின் உழைப்பு. செலவை ஏற்றது மக்களின் வரிப்பணம். அது காணும் காட்சியும் மக்களுடையதே. கதவு திறக்கட்டும், நுழையும் வலிமை எல்லோருக்கும் கிடைக்கட்டும்!